ஆறு மொழிகளில் ஊர் உள்ளவர்

கறம்பக்குடிப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் யாராவது, "ஒங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டால் ரத்தினவேல் உடனே பதில் சொல்ல மாட்டார். முதலில் பேருந்துக்குள் கண்ணை ஒரு சுற்றுச் சுற்றவிடுவார். தெரிந்த தலை எதுவும் இல்லை என்று உறுதியானால், "நெட்டியான்விடுதி" என்பார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில். ஒரே ஒரு நெட்டியான்விடுதிக்காரர் இருந்தாலும் போதும், "இங்கிட்டுத்தான்" என்று கையை ஜன்னல் பக்கம் வீசிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

காரணம் இருக்கிறது. முன்னொரு நாள் இதே கேள்விக்கு அவர் தைரியமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்சீட்டிலிருந்து மூக்கன் கிழவர் எட்டிப் பார்த்துத் திருத்தினார்: "அவுக மீமிசல் பக்கமுங்க. நம்ம ஊர்ல பொண்ணு எடுத்திருக்காக."

எடுத்து முப்பது வருஷம் ஆகிறது. எடுத்த பெண்ணை அவர் எங்கும் கொண்டு போகவும் இல்லை. மாமனார் ரெங்கராஜுக்கு ஆண்வாரிசு கிடையாது, சொர்ணம் ஒரே மகள். அதனால் மாப்பிள்ளையே பெட்டியோடு வந்து இறங்கினார். வந்தவர் மாமனாரின் புன்செய்க் கொல்லையில் கடலை போட்டார், சோளம் போட்டார், கறம்பக்குடிக் கடைவீதியில் ஓர் ஆன்லைன் சென்டரும் போட்டார். பட்டா, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று என்று ஊராருக்கெல்லாம் விண்ணப்பித்து வாங்கிக் கொடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு நீட்டுவதுதான் தொழில். அவருடைய ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை மூன்றிலும் நெட்டியான்விடுதிதான். இந்திய அரசாங்கத்துக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்திய அரசாங்கத்துக்கு நெட்டியான்விடுதியில் தலைக்கட்டு கிடையாதே!

தலைக்கட்டு என்றால் என்ன என்று நகரத்து ஆட்கள் கேட்கலாம். அந்த ஊரில் ஒரே தகப்பன் வழியில் பிறந்து, கல்யாணமும் ஆன ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. எல்லாரும் ஒருவருக்கொருவர் பங்காளிகள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் வெளியே. அவர்கள் எல்லாரையும் சேர்த்தால் அதற்குப் பெயர்தான் ஊர். வீடு, வயல், ஊருணி, டிரான்ஸ்பார்மர் இதெல்லாம் ஊரில் கிடக்கும் பொருட்கள், ஊர் ஆகாது. அய்யனார் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், கோயில் காட்டுக்குள் கருப்பருக்குக் கிடா வெட்டிக் கறியைத் தேக்கிலையில் கூறு கூறாக வைத்து, தலைக்கட்டு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். (அய்யனார் சைவம், அவர் பார்க்காத மாதிரி இருந்துகொள்வார்.) பெயர் வந்தவன் "இருக்கேன்" என்று குரல் கொடுத்து, போய்த் தன் கூறை எடுத்துக்கொள்வான். பெயர் வராதவன் காட்டுக்கு வெளியே வண்டிகளுக்குக் காவல் நிற்கலாம்.

முப்பது வருஷமாக ரத்தினவேல் வண்டிகளுக்குக் காவல் நின்றார். கறி அவருக்குப் பெரிதில்லை. கறம்பக்குடியில் கடை இருக்கிறது, கிலோக்கணக்கில் வாங்கலாம், வாங்கவும் செய்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் காட்டுக்குள் ஒரு தடவையாவது "ரத்தினவேலு" என்று கூப்பிட வேண்டும், தான் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். குளிக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வார். சொர்ணம் வெளியிலிருந்து, "இருக்கீங்கன்னு தெரியுது, சீக்கிரம் வாங்க" என்பாள்.

இந்த மனிதருக்கு ஹங்கேரி நாட்டிலிருந்து ஒரு தாள் வந்தது. அவருக்கு வரவில்லை, திருமுருகன் என்று பக்கத்துக் கிராமத்துப் பையனுக்கு. ஹங்கேரியில் ஏதோ பேட்டரிக் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. தாளை நகலெடுக்க சென்டருக்குக் கொண்டுவந்திருந்தான். அதில் பெயர் போட்டு, பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்தில் இரண்டே எழுத்தாக ஒரு சொல். ரத்தினவேல் எழுத்துக்கூட்டிப் படித்தார். திருமுருகன் ஊர்.

"என்னப்பா இது, ஒன் பேரு பின்னாடி ஊருன்னு போட்டிருக்கான், எந்த ஊருன்னு போடலையே?"

"அது அவுங்க பாசைங்க. ஐயான்னு அர்த்தமாம். பேருக்குப் பின்னாடிதான் போடுவாங்களாம்."

ரத்தினவேலுக்கு உடம்பு சிலிர்த்தது. பையனுக்கு நகல் எடுத்துக் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் தலைகீழாக வந்துவிட்டதையும் அவர் கவனிக்கவில்லை. ஊர் என்றால் ஐயா! அதாவது மரியாதைக்குரிய மனிதன்! நம்ம ஆள் எந்தக் காலத்திலோ கப்பல் ஏறிப் போய் 'நான் ஊர்ப் பெரிய மனுசன்' என்று சொல்லியிருக்கிறான், கேட்டவன் காதில் பெரிய மனுசன் விழாமல் ஊர் மட்டும் விழுந்திருக்கிறது. ஹங்கேரிக்குக் கடலே கிடையாது என்பது அவருடைய கப்பலை ஒன்றும் செய்யவில்லை.

அன்றிலிருந்து கைபேசியில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலிதான் அவருக்குக் கோயில். அந்த இரண்டு எழுத்தை அடித்து, ஒவ்வொரு மொழியாகத் தட்டிப் பார்த்தார். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில் மலையில் இருக்கும் பாஸ்க் மக்களுக்கு ஊர் என்றால் தண்ணீர். வேறென்ன, நம் ஊருணி! ஜெர்மன்காரனுக்கு ஊர் என்றால் கடிகாரம். நடுவில் ஒரு 'ஹ' எழுதுகிறான், ஆனால் வாயில் வரவில்லை. குளிர் நாட்டுக்காரன் மூச்சு விட்டது எழுத்தாகியிருக்கும் என்று முடிவு கட்டினார். அந்தச் சொல் லத்தீன்காரனிடமிருந்து வாங்கியது, லத்தீன்காரன் கிரேக்கனிடம் வாங்கியது, நேரம் என்று பொருள் என்றெல்லாம் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தை ரத்தினவேல் எப்போதும் படிப்பதில்லை. விண்ணப்பத் தொழிலில் அதுதான் பழக்கம். பிறகு இணையத்தில் தேடியதில், ஈராக் பக்கத்தில் மண்ணுக்கடியில் ஊர் என்றே ஒரு நகரம் கிடக்கிறது. அங்கே இருந்தவர்கள் அதை ஊரிம் என்றார்களாம். இருக்கட்டுமே, கடைசி 'இம்' மட்டும் அவர்களுடையது!

இதில் இரண்டை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. துருக்கி மொழியில் ஊர் என்றால் உடம்பில் வரும் கட்டி. அந்த மண்ணுக்கடி நகரத்து மக்களின் சுமேரிய மொழியில் ஊர் என்றால் நாய். ஆராய்ச்சியாளன் எதைச் சொல்ல வேண்டும் என்பதைவிட எதை விட வேண்டும் என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும் அல்லவா!

மகள் கார்த்திகா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு. அரசாங்க வேலை. அவளிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒலகத்துல எத்தனையோ ஆயிரம் பாசை இருக்குப்பா. வாயி எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வாயிதான். இம்புட்டுக்காணு சத்தம் அங்கிட்டும் இங்கிட்டும் மோதத்தான் செய்யும்."

"அப்ப ஹங்கேரிக்காரன் சும்மா வச்சானா?"

"அவன் ஒங்களக் கேட்டு வைக்கல. குழம்பு ஊத்துங்க."

மகளுக்குப் படிப்பு இருக்கிறது, பார்வை இல்லை என்று அவர் விட்டுவிட்டார்.

அந்த வருஷம் நெட்டியான்விடுதியில் புரவி எடுப்பு. பல வருஷம் நின்றுபோயிருந்த விழா. மண்குதிரை செய்து தோளில் தூக்கிப்போய் அய்யனாருக்கு விடுவது. அதற்கு ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நடுவில் ஜமுக்காளம், அதில் தலைக்கட்டுகள். ரத்தினவேல் வழக்கம்போல் ஜமுக்காளத்துக்கு வெளியே தன் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றார். ஊர்த்தலைவர் உதயசூரியன். பெயர் அப்பா வைத்தது, இப்போது இருக்கும் கட்சிக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் ஒத்துவராது, மேடையில் 'தலைவர் அவர்கள்' என்று மட்டும் சொல்லிச் சமாளிக்கிறார்கள். அவர் சொர்ணத்துக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அவருடைய மகன் வசந்த் துபாயில் ஏசி மெக்கானிக். அவனுக்கும் கார்த்திகாவுக்கும் தை மாதத்தில் கல்யாணம் என்று பூ வைத்தாகிவிட்டது. மாமன் மகன், அத்தை மகள், அசல் முறை.

குதிரை எத்தனை, மேளம் எங்கே என்று பேசி முடித்து உதயசூரியன் துண்டை உதறும் நேரத்தில் ரத்தினவேல் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், ஒரு விசயம்."

"சொல்லு மாப்ளே. மைக் செட்டா?"

"ஊரப் பத்தி."

ஆரம்பித்தார். ஹங்கேரி, பாஸ்க், ஜெர்மனி. கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். கூட்டம் முதலில் ஏதோ மத்திய அரசுத் திட்டம் என்று நினைத்து அமைதியாகக் கேட்டது.

"ஹங்கேரியில ஊருன்னா மரியாதையான ஆளு. நான் இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தர்கிட்ட ஒரு சொல்லு வாங்கினது உண்டா? பாஸ்க்காரனுக்கு ஊருன்னா தண்ணி. நம்ம ஊருணித் தண்ணியத்தான முப்பது வருசமாக் குடிக்கிறேன்? ஜெர்மனியில ஊருன்னா கடியாரம், காலம்! எம்புட்டுக் காலம் இங்க இருக்கேன்னு ஒங்களுக்கே தெரியும். மரியாதை, தண்ணி, காலம், மூணும் சேந்தாத்தானே ஊரு? எங்கிட்ட மூணும் இருக்கு. என்னையும் ஒரு தலைக்கட்டாச் சேத்துக்கங்க."

சொற்பிறப்பு முழுக்கத் தப்பு. ஆனால் தப்பான மூன்று கல்லை வைத்து அவர் கட்டியிருந்த அடுப்பு நன்றாகவே நின்றது. பிறகு மூக்கன் கிழவர் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, இப்ப ஒன்னையச் சேத்தா அந்த ஹங்கேரிக்காரனும் பங்கு கேட்டு வருவானா?"

"வரமாட்டான் மாமா."

"ஜெர்மனிக்காரன்?"

"அவனுக்கு எதுக்கு மாமா நம்ம கெடாக்கறி?"

"இல்ல, கேட்டுக்கிறேன். வர்றவுகளுக்கெல்லாம் கூறு போட்டா ஆளுக்கு எலும்புதான் மிஞ்சும்."

ஜமுக்காளத்தின் ஓரத்திலிருந்து ஒரு இளவட்டம் தன் கைபேசியைப் பார்த்துக் கத்தினான்: "துருக்கியில ஊருன்னா கட்டின்னு போட்டிருக்கு! சீழ் வைக்கிற கட்டி!"

"அவன் நம்ம ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கான்டா" என்றார் மூக்கன். மந்தை சிரித்தது. ரத்தினவேல் நல்லவேளை நாய் வெளியே வரவில்லை என்று மூச்சு விட்டார்.

உதயசூரியனுக்குத்தான் சங்கடம். முடியாது என்றால் சம்பந்தி முகம் சுளிக்கும். சரி என்றால் பங்காளிகள் முகம் சுளிப்பார்கள், அடுத்த தேர்தலில் வார்டும் சுளிக்கும். அரசாங்கமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு குழு அமைக்கும். நெட்டியான்விடுதியில் குழுவுக்குப் பதில் அய்யனார் இருக்கிறார்.

"நாம என்னத்த முடிவு பண்றது? வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாத்துருவோம். சாமி சொல்றதுதான்."

உலக மொழியியலில் ஒரு சொல்லின் பொருளைக் குலசாமியிடம் பூக்கட்டிக் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் கோயிலில் கூடினார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பூசாரி நாகராசு ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, சாமி காலடியில் குலுக்கிப் போட்டார். சாமி முன்னால் கேள்வி கேட்கும்போது வீட்டை அதன் செத்துப்போன பெரியவர் பெயரால் சொல்லித்தான் கேட்பது வழக்கம். "அய்யா, ரெங்கராஜு வீட்டுக்குத் தலைக்கட்டு உண்டுன்னா வெள்ளை குடு. இல்லைன்னா செவப்பு குடு." ஒரு சின்னப் பெண்பிள்ளையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள்.

வெள்ளை.

ரத்தினவேலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாகராசு திருநீறு பூசினார். உதயசூரியனே புதுத் துண்டை எடுத்து அவர் தலையில் உருமா கட்டிவிட்டார். இளவட்டங்கள் குலவை இடத் தெரியாமல் விசிலடித்தார்கள். மூக்கன் கிழவர் அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எதிர்த்தவர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில்தான் பாசம் அதிகம் பொங்கும்.

"ஏய், ரெங்கராசுக்கு மகன் இல்லாத கொறையத் தீத்துப்புட்டியேப்பா! இனி நீ எங்க பங்காளிடா!"

அந்தச் சொல் எழுந்து, கோயில் கூரையைத் தொட்டு, பெண்கள் பக்கம் போய் விழுந்தது. அங்கே நின்றிருந்த பிச்சையம்மாள், உதயசூரியனின் மனைவி, தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"அப்பச் சொர்ணம் இவுகளுக்கு என்ன முறை?"

விசில் நின்றது.

ஒரு கல்யாண வீட்டில் நுழைந்து நூறு பேரையும் முறை சொல்லிக் கூப்பிடக்கூடிய ஊர் அது. ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது, தாயாதி, தத்து என்று எல்லாவற்றையும் விரல்விட்டுக் கணக்கிடும் ஊர். அந்த ஊர் முழுக்க, தலைவர், பூசாரி, பெரியவர் உட்பட, இந்த ஒன்றைக் கணக்குப் போட மறந்திருந்தது. ரெங்கராஜுக்கு மகன் என்றால் சொர்ணத்துக்கு அண்ணன்! இருபத்தாறு வயதில் மகள் இருக்கிற அண்ணன் தங்கை!

உதயசூரியனின் முகம் அடுத்த கணக்குக்குப் போய்விட்டிருந்தது. ரத்தினவேல் பங்காளி என்றால் தனக்குத் தம்பி. தம்பி மகள் தன் மகனுக்கு என்ன வேண்டும்? தைக் கல்யாணம், மண்டப முன்பணம், அரசாங்க வேலை மருமகள், எல்லாம் அந்த உருமாவுக்குள் சுருண்டுகொண்டு போய்விட்டது. அவிழ்க்கக் கையை நீட்டினார். நாகராசு தடுத்தார்.

"சாமி குடுத்ததுங்க. தொடப்புடாது."

அன்று சாயங்காலம் வீட்டில் ரத்தினவேல் உருமாவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சொர்ணம் வந்து டம்ளரை டக்கென்று வைத்தாள்.

"அண்ணே, காப்பி."

"என்னடி பேச்சு இது?"

"தங்கச்சிய அப்புடி அதட்டாதீங்கண்ணே. பொறந்த வீட்டுக்கு வந்து நிக்கிறவ நானு, பாத்து நடத்துங்க."

"சொர்ணம்!"

"பாய வாசல்ல போட்டிருக்கேன். அண்ணனுக்குத் தனிப் பாய். தலகாணியும் தனி."

வெளிப்பார்வைக்குக் கேலிதான். ஆனால் அவள் அடுப்படிக்குப் போய் மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டது. துபாயிலிருந்து வசந்த் குரல்பதிவு அனுப்பியிருந்தான்: "அத்தை, இப்ப நான் கார்த்திகாவ என்னன்னு கூப்புடணும்? அப்பா போன எடுக்க மாட்டேங்குறாரு." அதைச் சொர்ணம் வேண்டுமென்றே சத்தமாகத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

ரத்தினவேல் செயலியைத் திறந்தார். ஒரே ஆள் மாப்பிள்ளையாகவும் மகனாகவும் இருக்க வழி இருக்கிற மொழி ஏதாவது இருக்காதா என்று தேடினார். நூற்றுச் சொச்சம் மொழியில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. கார்த்திகா டியூட்டி முடிந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"ஒங்களுக்கு அது அம்புட்டு வேணுமாப்பா?"

"எது?"

"பேரு கூப்புடுறது."

அவர் உருமாவைக் கழற்றி மடித்தார்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு உதயசூரியன் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபோது அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. பொதுவாக, "இருக்கீங்களா" என்றார்.

"வா மா... வாப்பா" என்றார் உதயசூரியன். அவருக்கும் அதே நோய்.

"இந்தாங்க. எனக்கு வேணாம். கல்யாணத்த நடத்துங்க."

"எப்புடித் திருப்பி வாங்குறது? சாமி குடுத்ததுக்கு ரிட்டன் கெடையாதே! வேணும்னா இன்னொரு தடவ பூக்கட்டிக் கேப்பமா?"

"வர்ற வழியில விசாரிச்சேன், கேட்டதையே கேட்டா சாமியச் சந்தேகப்பட்ட மாதிரின்னு நாகராசு சொல்றாரு."

இரண்டு பேரும் உட்கார்ந்து உருமாவையே பார்த்தார்கள். உள்ளே வாணலியில் எதையோ தாளித்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். நர்சு மருமகளை விட அவளுக்கு மனமில்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி மூன்றும் அவளுக்கு உண்டு.

"சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க? இவுகளுக்கு உண்டான்னா கேட்டீங்க? ரெங்கராசு சின்ன மாமா வீட்டுக்கு உண்டான்னுதானே கேட்டீங்க? அந்த வீட்டுல பொறந்தது யாரு?"

"சொர்ணம்."

"அப்பறம் என்ன? அவ பேருல எழுதுங்க. அவ ஒங்களுக்குத் தங்கச்சி, இவுக மாப்பிள்ளை, அந்தப் புள்ள எம் மருமக. எதுவும் மாறல. கருகுது, நான் போறேன்."

ஆதிகாலம் தொட்டு வந்த ஊர்வழக்கம் ஒரு வாணலிக்கும் அடுத்த வாணலிக்கும் நடுவில் மாறியது இப்படித்தான். சாயங்காலம் மந்தையில் உதயசூரியன் இதைச் சொன்னபோது, "நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்று தொடங்கினார்.

மூக்கன் துள்ளினார். "பொம்பளைக்குத் தலைக்கட்டா? ஊரு சிரிக்காது?"

"ஊரே நாமதான் சித்தப்பா. நாம சிரிக்காம இருந்தாப் போச்சு."

"கோயில் காட்டுக்குள்ள பொம்பளை வரப்புடாதே?"

"வரவேணாம். பேரு அவ பேரு. கூறு எடுக்க ஆளு மாப்பிள்ளை."

தலைக்கட்டு ஆன பிறகும் காட்டுக்குள் வரக் கூடாத தலைக்கட்டு! இதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். உதயசூரியன் ஸ்கூட்டிப் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குச் சம்மதமா மாப்ளே? பேரு சொர்ணம் பேருதான் வரும். ஒம் பேரு எந்தக் காலத்துலயும் வராது. நாளைக்குப் பேச்சு மாறப்புடாது."

ரத்தினவேல் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். குளியலறையில் எத்தனை வருஷம் பழகிய ஒற்றைச் சொல். அதைக் கேட்க யாரும் இனிக் கூப்பிட மாட்டார்கள். ஹங்கேரியில் திருமுருகனுக்குக்கூடப் பெயருக்குப் பின்னால் ஊர் இருக்கிறது. இவருக்கு ஊர் கிடைக்கும்போது பெயர் இல்லை. தூரத்தில் கார்த்திகா யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். இவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள்.

"கூப்புடட்டும் மச்சான்" என்றார்.

மச்சான் என்ற சொல்லைக் கேட்டதும் உதயசூரியனுக்கு உயிர் வந்தது.

புரவி எடுப்பு நன்றாகவே நடந்தது. ஒரு குதிரைக்கு மட்டும் காது உடைந்தது. மறுநாள் கோயில் காட்டுக்குள் ரத்தினவேல் முதல்முறையாகக் கால் வைத்தார். முப்பது வருஷமாக வெளியிலிருந்து கற்பனை செய்த இடம். உள்ளே வந்து பார்த்தால் நாலு பாலைமரம், நிறைய ஈ. தேக்கிலைகள் வரிசையாக விரித்திருந்தன. மூக்கன் கிழவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, மனப்பாடமாக ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "இருக்கேன்", "இருக்கேன்" என்று ஆள் ஆளாகப் போனார்கள். கடைசி ஆளுக்கு முன்னால்,

"ரெங்கராசு மக, சொர்ணம்!"

ரத்தினவேல் தொண்டையைச் சரி செய்தார்.

"இருக்கேன்."

சிரிப்பில் பாலைமரத்துக் காக்கை பறந்தது. "கொரல் கொஞ்சம் கட்டிப்போச்சு சொர்ணத்துக்கு" என்றான் ஒருவன். "மீசையும் வந்துருச்சுடா" என்றான் இன்னொருவன். ரத்தினவேல் குனிந்து கூறை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

காட்டின் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், ரோட்டில், சொர்ணம் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தாள். பையை வாங்கிப் பிரித்தாள். விரலால் ஒரு கிளறு கிளறினாள்.

"ஈரலு எங்க?"

"குடுத்தத எடுத்துட்டு வந்தேன்."

"குடுத்ததா? எங்க அப்பா காலத்துல ஈரல் இல்லாத கூறு எங்க வீட்டுக்கு வந்தது கெடையாது." எல்லைக்கல்லைத் தாண்டாமல் கழுத்தை மட்டும் நீட்டினாள். "யண்ணே! என் தலைக்கட்டுக்கு ஈரல் வைக்கல! யாரு ஆட்டையப் போட்டது?" கணவன் பக்கம் திரும்பினாள். "நின்னா? போய்க் கேளுங்க!"

முப்பது வருஷத்தில் அந்த ஊரில் ரத்தினவேல் யாரிடமும் குரல் உயர்த்தியது இல்லை. மாப்பிள்ளைக்கு அதற்கு இடமில்லை, விருந்தாளிக்கும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். போகும்போது மெதுவாகத்தான் போனார். பாலைமரத்துக்குப் பக்கத்தில் வரும்போது ஏனோ நடை வேகம் எடுத்துவிட்டது.

"என்ன மாமா இது? எலும்பா அள்ளி வச்சிருக்கீங்க! எங்க வீட்டுக்கு ஈரல் கெடையாதா? எளிச்சவாயன்னு நெனச்சீங்களா? ஒரு கூறுக்கு ஒரு ஞாயம், எங்க கூறுக்கு ஒரு ஞாயமா?"

மூக்கன் கிழவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்திலிருந்த உதயசூரியனிடம் சொன்னார்:

"உள்ள வந்து வெத்தல போடுற நேரம் ஆகல. அதுக்குள்ள எப்புடிச் சண்டைக்கு வாரான் பாத்தியா? அசல் ஊர்க்காரன் மாதிரியே!"

ரத்தினவேல் ஈரலை மறந்தார்.

"என்ன சொன்னீங்க மாமா? திருப்பிச் சொல்லுங்க."

மூக்கன் திருப்பிச் சொல்லவில்லை. முணுமுணுத்துக்கொண்டே தன் இலையிலிருந்து ஒரு துண்டு ஈரலை அறுத்து அவர் பையில் போட்டார்.